சோர்ந்த கணனிக்குச் சுறுசுறுப்பூட்டுவது எப்படி?

மனிதனுடைய பொறுமையைச் சோதிப்பதற்கென்றே சில பொருள்கள் உலகிலே இருக்கின்றன. ஈர விறகு ஒன்று. நேரந்தப்பி வரும் பஸ் வண்டி மற்றொன்று. இக்காலத்தில் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் வீட்டிலுள்ள பழைய கணனி.

2026ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எமது அயலிலே வசிக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவர் முகத்திலே கவலை குடிகொண்டிருந்தது. அவருடைய மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவி. மூன்று வாரத்துக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரையை அவள் ஒப்படைத்தாக வேண்டும். வீட்டில் இருப்பதோ 2016இல் தாய்மாமன் வாங்கிக் கொடுத்த மடிக்கணனி. விசையை அழுத்தினால் எழுதத் தொடங்குவதற்கு ஏழு நிமிஷம் செல்கிறதாம். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை மூர்ச்சை போட்டு விடுகிறதாம்.

“கடையில் காட்டினேன். இது இனிச் சரிவராது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மனைவி தன் காப்பைக் கழற்றித் தந்துவிட்டாள். நாளைக்கு அடகு வைக்கப் போகிறேன். எப்படிப்பட்ட கணனி வாங்கலாம் என்று கேட்கத்தான் வந்தேன்” என்றார் நண்பர்.

“காப்பு இன்னும் ஒரு கிழமை கையிலேயே இருக்கட்டும், மாஸ்டர். பொங்கலுக்கு வீடு முழுவதையும் துப்புரவு செய்தீர்களே, கணனியைச் செய்தீர்களா?” என்று கேட்டோம். நண்பர் விழித்தார். அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றோம். அங்கே நாம் கண்டதும் செய்ததும் வேறு குடும்பங்களுக்கும் பிரயோசனப்படக் கூடும் என்ற எண்ணத்தினால் இங்கே எழுதுகிறோம்.

மேசையும் அலுமாரியும்

கணனியின் உறுப்புக்கள் எல்லாவற்றையும் மேற்பார்வை செய்து வேலை வாங்கும் பிரதான மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்று எமது பாடநூல்கள் கூறுகின்றன. விண்டோஸ் என்பது அத்தகைய ஒன்று. அதனை வீட்டை நிர்வகிக்கும் இல்லத்தரசிக்கு ஒப்பிடலாம். யாருக்கு எந்த வேலை, எந்தப் பொருள் எங்கே என்பதெல்லாம் அதன் பொறுப்பு.

இந்த இல்லத்தரசியிடம் ஒரு மேசையும் ஓர் அலுமாரியும் இருக்கின்றன. மேசைதான் ராம் எனப்படும் பிரதான நினைவகம், அலுமாரிதான் வன்தட்டு. நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு வேண்டியவை மேசைமீது இருக்கும். மற்றவையெல்லாம் அலுமாரியிலே அடுக்கப்பட்டிருக்கும். மேசை சிறியது, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அலுமாரி பெரியது, ஆனால் எழுந்து நடக்க வேண்டும்.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அறிந்தால் வாசகர்கள் வியப்படைவார்கள். பிரதான நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு அளவு நேரம் போதும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுப்பதற்கோ விநாடியின் நூறில் ஒரு பங்கு வேண்டும். ஏறக்குறைய ஓர் இலட்சம் மடங்கு வித்தியாசம்! மேசையிலுள்ள தாளை எடுக்க ஒரு விநாடி செல்லும் என்று வைத்துக்கொண்டால், அலுமாரியிலுள்ள தாளை எடுத்துவர ஒரு நாளைக்கு மேல் செல்லும்.

காரணம் மிக எளியது. வன்தட்டினுள்ளே தட்டுக்கள் சுழல்கின்றன. மடிக்கணனிகளில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று. வாசிக்கும் முனை உரிய இடத்துக்கு நகர்ந்து, தட்டின் உரிய பகுதி தனக்கு நேரே வரும்வரை காத்திருக்கிறது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த ராமக் என்னும் இயந்திரத்தில் இத்தகைய தட்டுக்கள் ஐம்பது இருந்தன. ஒரு தொன் அளவு நிறையுள்ள அந்தச் சாதனம் ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே கொள்ளக் கூடியதாய் இருந்தது. இன்று கையடக்கமான தட்டில் அதைவிட ஓர் இலட்சம் மடங்கு அடங்குகிறது. ஆனால் தட்டு சுழல வேண்டும், முனை நகர வேண்டும் என்ற நியதி மாத்திரம் மாறவில்லை.

மேசை நிரம்பிவிட்டால் என்ன நடக்கும்? உடனடியாக வேண்டாத தாள்களை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, வேண்டியவற்றைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். சற்று நேரத்தில் உள்ளே வைத்தது தேவைப்படும், மறுபடியும் நடை. மெய்நிகர் நினைவகம் என்ற இந்த ஏற்பாடு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1962இல் அட்லஸ் என்னும் கணனியில் நடைமுறைக்கு வந்தது. அளவோடு இருந்தால் அஃது அற்புதமான உபாயம். அளவு மிஞ்சினால் இல்லத்தரசி நாள் முழுவதும் மேசைக்கும் அலுமாரிக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பாள்; அடுப்பிலே உலை ஏறாது. கணனி சோர்ந்து போயிற்று என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

முதலில் நோயறிதல்

மருந்து கொடுக்குமுன் நாடி பார்க்க வேண்டுமல்லவா? விசைப்பலகையில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மனேஜர் என்னும் பலகணி திறக்கும். செயலி, நினைவகம், தட்டு ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை வீதம் வேலை செய்கின்றன என்பதை அங்கே காணலாம். எந்த நிரலின் தலைப்பைச் சொடுக்கினாலும், அதிகமாக உண்பவர்கள் பட்டியலின் மேலே வந்து நிற்பார்கள்.

நண்பரின் மகளுக்கு அதனைத் திறந்து காட்டினோம். செயலி நூற்றுக்குப் பதினைந்திலே சும்மா இருந்தது. நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூறு. தட்டோ நூற்றுக்கு நூறு.

“அப்படியென்றால் கணனி மூளை மந்தமில்லை, மாமா, மேசைதான் சின்னது” என்றாள் பிள்ளை. இதைவிடச் சிறப்பாக நாமும் சொல்லியிருக்க மாட்டோம்.

துப்புரவுக்கு முன்னர் ஒரு காவல்

எந்த வேலையையும் தொடங்குமுன் முக்கியமான கோப்புக்களையெல்லாம் வேறோர் இடத்தில் பிரதி செய்து வைக்க வேண்டும். இதை நாம் புத்தகத்திலே படித்துச் சொல்லவில்லை. இழந்து அறிந்துகொண்டு சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் எமது கணனி மந்தமானபோது திருத்துமிடம் ஒன்றில் கொடுத்தோம். “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவா?” என்று கேட்டார்கள். யோசியாமல் தலையசைத்தோம். கணனி பறந்துகொண்டு திரும்பி வந்தது. ஆனால் எமது தாயாரின் கடைசி இரண்டு வருடங்களில் எடுத்த படங்கள் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பிரதி எடுக்காதது எமது குற்றம். விரைவு மீண்டும் வரும். அழிந்த படம் மீண்டும் வராது.

ஆகவே அன்று மாலையில் முதல் வேலையாக, மாணவியின் கட்டுரை, குறிப்புக்கள், குடும்பப் படங்கள் யாவற்றையும் ஒரு வெளிவன்தட்டில் பிரதி செய்தோம். பிரதி செய்த கோப்புக்களிற் சிலவற்றைத் திறந்தும் பார்த்தோம். திறந்து பாராத பிரதியை நம்பலாகாது.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை

முதலாவது, மீளத் தொடக்குதல். “நாள்தோறும் அணைத்துத்தானே வைக்கிறோம்?” என்று கேட்பீர்கள். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ஒரு புதிய வழக்கம் வந்தது. விரைவாக விழித்தெழுவதற்காக, அணைக்கும்போது முறைமையின் உட்பகுதியின் நிலையைத் தட்டிலே எழுதி வைத்து, மறுநாள் அதையே மீட்டெடுக்கிறது. ஆகையால் நேற்றைய குழப்பம் இன்றும் தொடரலாம். ரீஸ்டார்ட் என்பதை அழுத்தினால் மாத்திரமே யாவும் புதிதாகத் தொடங்கும். கிழமைக்கொரு முறை இதைச் செய்தல் நன்று.

இரண்டாவது, அழையாத விருந்தாளிகளை எழுப்பி விடுதல். நாம் நிறுவும் மென்பொருள்களிற் பல, கணனி விழிக்கும்போதே தாமும் விழித்துக்கொள்ள உரிமை எடுத்துக்கொள்கின்றன. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வருமுன்னரே பந்தியில் அமர்ந்து இலைபோட்டுக் காத்திருப்போரைப் போன்றவை இவை. டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்டப் என்ற பகுதியைத் திறந்தால் இவற்றின் பட்டியல் இருக்கும். அந்த மடிக்கணனியில் பதினாறு பேர் அமர்ந்திருந்தனர். அச்சுப்பொறி ஒன்றின் உதவியாளன். அந்த அச்சுப்பொறியை விற்று நான்கு வருடமாகிறது! வைரசுக் காவலையும் விசைப்பலகை, ஒலி முதலியவற்றுக்கு உரியவற்றையும் விட்டு, மற்றவற்றை டிசேபிள் செய்தோம். இதனால் அவை அழிந்துவிடா. வேண்டியபோது நாமே திறந்து உபயோகிக்கலாம்.

மூன்றாவது, உபயோகமற்ற மென்பொருள்களை முறையாக நீக்குதல். சிலர் கோப்புறையை மாத்திரம் அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர். அது தவறு. செட்டிங்ஸ் பகுதியிலுள்ள மென்பொருட் பட்டியலுக்குச் சென்று அன்இன்ஸ்டோல் செய்ய வேண்டும். அங்கே இரண்டு வைரசு எதிர்ப்பு மென்பொருள்கள் இருக்கக் கண்டோம். ஒரு வாசலுக்கு இரண்டு காவற்காரரை வைத்தால், ஒருவர் திறக்கும் பொதியை மற்றவரும் திறந்து பார்ப்பார். வீட்டுக்காரர் வெளியே நிற்பார். விண்டோசுடன் வரும் டிபெண்டர் என்பதே ஒரு சாதாரண குடும்பத்துக்குப் போதுமானது. காலாவதியான மற்றதை நீக்கினோம்.

நான்காவது, தட்டிலுள்ள குப்பையை அகற்றுதல். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்றால், டெம்பரரி பைல்ஸ் என்ற தற்காலிகக் கோப்புக்களைக் காணலாம். பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாறியபோது விட்டுச் சென்ற எச்சங்கள், இணையத்திலிருந்து சேர்ந்த துணுக்குகள், மீள்சுழற்சித் தொட்டியிற் கிடப்பவை எல்லாம் அங்கே இருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற பெயரும் காணப்படும். அதிலே உங்கள் விரிவுரைக் குறிப்புக்கள் இருக்கலாம். பாராமல் அதற்கு அடையாளமிட வேண்டாம். தட்டிலே ஐந்திலொரு பங்கு வெறுமையாக இருப்பது நல்லது. அலுமாரி நிறைந்து பிதுங்கினால் எந்தச் சேலையையும் இலகுவில் எடுக்க முடியாதல்லவா?

ஐந்தாவது, சிதறியவற்றை ஒழுங்குபடுத்தல். சுழலும் தட்டிலே ஒரு கோப்பு பல துண்டுகளாகப் பல இடங்களிற் கிடப்பதுண்டு. அவற்றை ஒன்றாக அடுக்குவதே டிப்ராக். ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற பெயரில் விண்டோஸ் இதைக் கிழமைதோறும் தானே செய்யும். ஆனால் அதற்குக் கணனி சும்மா விழித்திருக்க வேண்டும். வேலை முடிந்தவுடன் மூடி வைக்கும் வீடுகளில் அது நடப்பதில்லை. ஒரு மாலை வேளை மின்னிணைப்போடு விட்டு வைத்தால், இந்த ஒழுங்குபடுத்தலும், நிலுவையிலுள்ள புதுப்பித்தல்களும், வைரசுச் சோதனையும் நடந்து முடியும். பல நாள் மூடியிருந்த கணனி திறந்த அன்று மந்தமாக இருப்பதற்கு இந்த நிலுவை வேலைகளே காரணம்.

ஆறாவது, இணைய உலாவி. நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டுக் கணனியைக் குறை கூறலாகாது. ஒவ்வொரு பக்கமும் மேசையிலே ஓர் இடத்தைப் பிடிக்கிறது. யார் நிறுவினார் என்று தெரியாத இணைப்புக்கள் உலாவியில் ஒட்டியிருந்தால் அவற்றையும் நீக்க வேண்டும்.

ஏழாவது, தூசியும் வெப்பமும். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. அளவுக்கு மேல் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எமது நாட்டு வெக்கையில், மெத்தைமீது மடிக்கணனியை வைத்து வேலை செய்தால் காற்று வாயில்கள் அடைபட்டுவிடும். கடினமான பலகைமீது வைக்க வேண்டும். காற்றாடியில் படிந்த தூசியைப் பழக்கமுள்ளவரைக் கொண்டு அகற்றுவிக்க வேண்டும்.

செய்யத் தகாதவை

“ஒரே சொடுக்கில் பத்து மடங்கு வேகம்” என்று ஆசை காட்டும் மென்பொருள்கள் இணையத்திலே மலிந்து கிடக்கின்றன. இவற்றைத் தொடாதிருப்பதே உத்தமம். இவற்றிற் பல ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதாகக் கூறும். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோசின் கணக்குப் புத்தகம். அதிலே சில நூறு பழைய வரிகள் எஞ்சியிருப்பதனால் கணனி மந்தமாவதில்லை. வேண்டிய ஒரு வரி அழிந்தாலோ, கணனி எழும்பாமலே போகக் கூடும். இத்தகைய துப்புரவு மென்பொருள்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று விண்டோசை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது. கணக்கெழுதியவரே கைவைக்கத் தயங்கும் புத்தகத்தில் வழிப்போக்கனைக் கைவைக்க விடலாமா?

அவ்வாறே விண்டோஸ் கோப்புறைக்குள் நுழைந்து, “இது வேண்டாததுபோல் இருக்கிறது” என்று கையால் அழித்தலும் ஆபத்தானது.

மேசையைப் பெரிதாக்குவோம்

இவ்வளவும் செய்த பின்னர் அந்த மடிக்கணனி ஏழு நிமிஷத்துக்குப் பதிலாக மூன்று நிமிஷத்தில் எழுந்தது. வீட்டார் மகிழ்ந்தனர். எனினும் உண்மையை மறைக்கலாகாது: துப்புரவினால் வரும் நன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. தட்டு இன்னமும் சுழன்றுகொண்டுதான் இருந்தது.

இங்கேதான் சிறிது பணம் செலவிட வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டு இல்லை. நகரும் முனையும் இல்லை. சிதறிய தகவலை எடுப்பதில் பழைய வன்தட்டைவிட அஃது ஏறக்குறைய நூறு மடங்கு விரைவானது. பழைய கணனிக்குப் புத்துயிர் கொடுக்க இதற்கு இணையான மருந்து வேறில்லை. இதற்கு டிப்ராக் வேண்டியதில்லை. எந்த இடத்திலிருந்து எடுத்தாலும் ஒரே நேரந்தான். வீணே எழுதுவதனால் அதன் ஆயுளும் குறையும். விண்டோஸ் இதை அறிந்து தானே தக்கவாறு நடந்துகொள்ளும்.

நண்பர் நகரத்திலிருந்து ஓர் எஸ்.எஸ்.டி.யும், நான்கு கிகாபைற் நினைவகத்துடன் சேர்ப்பதற்கு இன்னும் நான்கும் வாங்கி வந்தார். இரண்டும் சேர்ந்து புதிய கணனியின் விலையில் ஒரு சிறு பங்கே ஆயின. பழைய தட்டிலிருந்ததை அப்படியே புதியதிற் பிரதி செய்து பொருத்துவித்தோம். விசையை அழுத்தினோம். மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரை நிமிஷம் ஆகுமுன்னரே முகப்புத் திரை வந்துவிட்டது.

ஏன் இந்த ஓட்டம்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வன்பொருள் வருடத்துக்கு வருடம் வேகம் பெறுகிறதே, எமது கணனிகள் ஏன் மந்தமாகின்றன? பஸ்கால் என்னும் கணனி மொழியை ஆக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், 1995இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை ஆராய்ந்தார். வன்பொருள் வேகம் பெறுவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள் மந்தமடைகிறது என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. அதே வருடம் ஓகஸ்ட் 24ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 95, நான்கு மெகாபைற் நினைவகத்தில் இயங்கியது. 2021 ஒக்டோபர் 5ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 11 குறைந்தது நான்கு கிகாபைற் கேட்கிறது. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! வருமானம் பெருகப் பெருகச் செலவும் பெருகும் குடும்பத்தின் கதைதான் இது.

இன்னொன்றையும் கூற வேண்டும். பழைய கணனிகள் பலவற்றிலுள்ள விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவடைந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு, 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுக் கணனியை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அதற்காகக் கணனியைக் குப்பையில் எறிய வேண்டுமா? வேண்டியதில்லை. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிவைத்த லினக்ஸ் இருக்கிறது. அதன் வழிவந்த லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமானவை. பழைய இயந்திரத்திலும் நன்றாக இயங்குபவை. ஆனால் பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது பழக்கமில்லாத வீட்டுக்குக் குடிபோகலாகாது. ஆகவே மாணவிக்கு அந்தப் பதிவைச் செய்து கொடுத்தோம். கட்டுரையை ஒப்படைத்த பின்னர், விடுமுறையில் ஆறுதலாக லினக்ஸைப் பழகிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தோம்.

அன்று விடைபெறும்போது நண்பரின் மனைவி தேநீர் கொண்டுவந்து தந்தார். கிண்ணத்தை நீட்டிய கையிலே காப்பு இருந்தது. உள்ளறையில் பிள்ளை தட்டச்சுச் செய்யும் ஓசை இடைவிடாமற் கேட்டது.

வாசகர்களே, பழையது என்ற காரணத்தினால் ஒரு பொருளைத் தள்ளிவிடுமுன், அதன்மேல் நாம் ஏற்றி வைத்த பாரத்தை ஒரு முறை இறக்கிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அதற்குப் போதும். பிரதி எடுக்க மாத்திரம் மறந்துவிடாதீர்கள்.